இனவெறி வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது எப்படி: எது முதலில், எது கடைசியில்

அமெரிக்காவில் வளரும் பத்து முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு அந்த நாட்டின் இனவெறி வரலாற்றைப் பாடமாக எடுக்க நினைப்பவர்களுக்கு இந்த வழிகாட்டி. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் தன்னார்வலராக இருப்பவர்கள், வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க விரும்பும் பெற்றோர், பொதுப் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் எல்லாரையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

இதையெல்லாம் பள்ளியில் சொல்லித்தரத்தான் வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பேன். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குக் குற்ற உணர்ச்சி வந்துவிடும், கறுப்பினப் பிள்ளைகள் கூனிக் குறுகிப் போவார்கள் என்று எதிர்ப்பவர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை, அப்படி ஆன வகுப்புகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவை எல்லாமே சாட்டையடியிலிருந்தும் அழுகையிலிருந்தும் தொடங்கிய வகுப்புகள். விதியிலிருந்து தொடங்கிப் பாருங்கள்: என்ன சட்டம், யார் எழுதினார்கள், எந்த ஆண்டு, யாருக்கு லாபம், யார் அதை உடைத்தார்கள். அப்போது பிள்ளை யார்மேல் பழி போடலாம் என்று தேடாமல் இது எப்படி வேலை செய்தது என்று தேட ஆரம்பிக்கும். கீழே உள்ள வரிசை முழுக்க அந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

1. முதலில் உங்கள் மாநிலச் சட்டத்தைப் படித்துவிடுங்கள்

பொதுப் பள்ளி ஆசிரியர்கள் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. 2021லிருந்து பல மாநிலங்கள், வகுப்பறையில் இனத்தைப் பற்றி என்ன சொல்லலாம் என்பதற்குச் சட்டம் போட்டிருக்கின்றன. ஓக்லஹோமாவும் டென்னஸியும் 2021ல் கொண்டுவந்தன, ஃப்ளோரிடா 2022ல். புதிதாக வருபவர்கள் இரண்டு விதமாகத் தடுமாறுகிறார்கள். செய்தித் தலைப்பை மட்டும் படித்துவிட்டு, பேசவே தடை என்று பாடத்தையே கைவிடுகிறவர்கள் ஒரு பக்கம். அப்படி ஒரு சட்டமே இல்லாத மாதிரி நடந்துகொண்டு மாட்டிக்கொள்கிறவர்கள் இன்னொரு பக்கம்.

சட்டத்தின் வாசகத்தையே எடுத்துப் படியுங்கள். ஓர் இனம் பிறப்பிலேயே இன்னொன்றைவிட உயர்ந்தது, தன் இனத்தின் காரணமாக ஒருவர் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டும் என்பது போன்ற கருத்துகளைத்தான் அவை பெரும்பாலும் தடுக்கின்றன. நடந்த வரலாற்றைச் சொல்வதை அல்ல. வெள்ளையர் கும்பல் கறுப்பினத்தவரைக் கொன்ற 1921 டல்சா படுகொலை ஓக்லஹோமாவின் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. ஃப்ளோரிடாவில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு 1994லிருந்து கட்டாயப் பாடம். வாசகம் வழவழவென்று இருப்பதால் ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள் என்பதும் உண்மைதான், அந்தப் பயம் நியாயமானது. அதனால் ஒவ்வொரு பாடத்தின் தலைப்பிலும் அது மாநிலப் பாடத்திட்டத்தின் எந்தப் பகுதியில் வருகிறது என்று எழுதி, தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். பிறகு யாராவது கேட்டால் பேச்சு உங்களைப் பற்றிப் போகாது, பாடத்திட்டத்தைப் பற்றித்தான் போகும்.

எதிர்த் திசையில் போன மாநிலங்களும் உண்டு. இல்லினாய் 2021ல் ஆசிய அமெரிக்கர் வரலாற்றைக் கட்டாயமாக்கியது, நியூ ஜெர்சி அடுத்த ஆண்டு. அங்கே இருப்பவர்களுக்கு இந்தப் படி ஐந்து நிமிட வேலை.

2. பெற்றோருக்கு ஒரு கடிதம், ஒரே பக்கம்

எந்த ஆவணங்களைக் காட்டப் போகிறீர்கள், எதைக் காட்ட மாட்டீர்கள், எந்தத் தேதியில். இவ்வளவு போதும். இனவெறி தீது என்று நான்கு பத்தி எழுதாதீர்கள், அதைப் படிப்பவருக்குத்தான் சந்தேகம் வரும்.

நம் ஆட்களிடமிருந்து வரும் கேள்வி வேறு மாதிரி. "அவங்க சண்டை அவங்களோடது, நமக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?" இதற்குக் கடிதத்திலேயே இரண்டு வரி எழுதிவிடுங்கள். 1923லிருந்து 1946 வரை இந்தியாவிலிருந்து வந்தவர்கள் பொதுவாக இங்கே குடியுரிமை பெற முடியாது. அந்த ஆண்டு வந்த சட்டமும் ஆண்டுக்கு நூறு பேரைத்தான் உள்ளே விட்டது. 1965ல் குடியேற்றச் சட்டம் மாறியதால்தான் நம்மில் பெரும்பாலோர் இங்கே வர முடிந்தது. அந்த மாற்றம் கறுப்பின மக்கள் நடத்திய சம உரிமைப் போராட்டத்தின் கையோடு வந்தது. இதைப் படித்த பிறகு அந்தக் கேள்வி பெரும்பாலும் திரும்ப வருவதில்லை.

வயதையும் குறிப்பிடுங்கள். ஆறு ஏழு வயதுக்கு ரூபி பிரிட்ஜஸ் போதும்: 1960 நவம்பர் 14, நியூ ஆர்லியன்ஸ், ஆறு வயதுச் சிறுமி மத்திய அரசுக் காவலர்கள் சூழப் பள்ளிக்குப் போகிறாள், மற்ற பெற்றோர் பிள்ளைகளை அனுப்ப மறுத்ததால் அந்த ஆண்டு முழுக்க அவளும் ஆசிரியை பார்பரா ஹென்றியும் மட்டும் ஒரு வகுப்பறையில். பத்து வயதுக்கு மேல் சட்டம், வழக்கு, வரைபடம் எல்லாம் புரியும். கும்பல் கொலைகளும் 1955ல் கொல்லப்பட்ட கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லின் படமும் பதினான்குக்கு மேல்தான், அதுவும் பெற்றோருக்குத் தெரிந்து.

3. கையில் இருக்க வேண்டியவை

வீடியோ வேண்டாம், காகிதம் வேண்டும். வீடியோ போட்டால் பிள்ளை உணர்ச்சிவசப்பட்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும், நீங்களும் பாடம் நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். காகிதத்தைக் கையில் கொடுத்தால் கேள்வி கேட்கும்.

ப்ரிண்ட் எடுக்க வேண்டியவை: 1790 குடியுரிமைச் சட்டத்தின் முதல் வாக்கியம், 1930, 1970, 1980 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களிலும் அவற்றை நிரப்புவதற்கான குறிப்புகளிலும் இனத்தைப் பற்றி வரும் பகுதி, அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரப் பஸ்ஸின் இருக்கை வரைபடம் (வழக்கில் சான்றாகத் தாக்கல் செய்யப்பட்டது, தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும்), 1930களில் வீட்டுக் கடனுக்காக வரைந்த உங்கள் நகர வரைபடம். கடைசியாகச் சொன்ன வரைபடங்களை ரிச்மண்ட் பல்கலைக்கழகம் நகரவாரியாக இணையத்தில் போட்டிருக்கிறது.

பழைய ஆவணங்களில் வசைச்சொற்கள் வரும். அவற்றை வாய்விட்டுப் படிக்க மாட்டோம் என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். நடுவில் முடிவு செய்யலாம் என்று விட்டால், யாராவது ஒரு பையன் சத்தமாகப் படித்துவிடுவான், அன்றைய வகுப்பு அத்தோடு முடிந்தது.

அப்புறம், பலகையில் ஐந்து கேள்விகள். கடைசி வகுப்பு வரை அழிக்க வேண்டாம்.

விதி என்ன? யார் போட்டது? யாருக்கு லாபம்? யார் எதிர்த்தார்கள், அவர்களுக்கு என்ன ஆயிற்று? எப்படி மாறியது, மாறாமல் இருப்பது என்ன?

4. முதல் பாடம்: படிவத்தில் இருக்கும் கட்டம்

அடிமைக் கப்பலில் தொடங்காதீர்கள். அடிமை முறைதான் மூலம், அதைச் சொல்லத்தான் போகிறோம். ஆனால் கறுப்பு, வெள்ளை என்ற பிரிவு மரம், மலை போல எப்போதும் இருந்தது என்ற நினைப்போடு பிள்ளை உள்ளே வருகிறது. அந்த நினைப்பை முதலில் அசைக்காவிட்டால் மீதிப் பாடம் முழுக்க 'இரண்டு கூட்டத்தின் சண்டை'யாகவே அதன் மண்டையில் பதியும்.

படிவங்களைக் கொடுத்து ஒரு வேலை சொல்லுங்கள். இந்தியாவிலிருந்து வந்து கலிஃபோர்னியாவில் பண்ணை வைத்திருக்கும் ஒருவர், அவர் குடும்பம் அங்கேயே தொடர்ந்து இருக்கிறது. 1930ல் அவர்கள் என்ன இனம்? 1970ல்? 1980ல்? 1930 கணக்கெடுப்பில் 'ஹிந்து' என்பது ஓர் இனம், சீக்கியரும் முஸ்லிமும் அதே கட்டத்தில்தான். 1970ல் இந்தியர்களை வெள்ளையர் கணக்கில் சேர்த்தார்கள். 1980ல் 'ஆசிய இந்தியர்' என்று தனிக் கட்டம் வந்தது. ஆள் மாறவில்லை, தோல் மாறவில்லை, கட்டம் மட்டும் மாறியது. இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் முந்திக்கொண்டு விளக்கினால் சுவாரசியமே போய்விடும்.

அடுத்து பகத் சிங் திண்ட் வழக்கு. 1790 சட்டம் 'சுதந்திரமான வெள்ளையர்' மட்டுமே குடியுரிமை பெறலாம் என்றது. 1922ல் ஜப்பானில் பிறந்த டகாவோ ஓசாவா, என் தோல் வெள்ளைதானே என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். தோல் நிறம் முக்கியமில்லை, வெள்ளையர் என்றால் காக்கேசியர் (அக்கால மானிடவியல் நூல்கள் பிரித்த ஓர் இனப் பிரிவு) என்று நீதிமன்றம் சொன்னது. மூன்றே மாதத்தில், 1923 பிப்ரவரியில், பஞ்சாபில் பிறந்து முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த திண்ட் வந்தார். மானிடவியல் நூல்களே என்னைக் காக்கேசியர் என்கின்றனவே என்றார். நூல் என்ன சொன்னாலும் சாதாரண ஆள் பார்வையில் நீ வெள்ளையன் இல்லை என்று தீர்ப்பு. இரண்டு தீர்ப்பையும் எழுதியவர் ஒரே நீதிபதி, ஜார்ஜ் சதர்லேண்ட்.

பத்து வயதுப் பிள்ளைக்கு இந்த அழுகுணி ஆட்டம் உடனே புரியும். "அப்ப ரூலை மாத்திக்கிட்டே இருந்தாங்களா?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வி வராமல் அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள்.

இதற்குப் பிறகுதான் 1662 வர்ஜீனியா சட்டம். அடிமைத் தாய்க்குப் பிறந்த குழந்தை அடிமை, தகப்பன் யாராக இருந்தாலும் சரி. யாருக்கு லாபம் என்ற மூன்றாவது கேள்வியைக் கேளுங்கள். பிள்ளைகளின் முகம் மாறும், அடிமை முறை என்றால் என்ன என்பது அந்த ஒரு வரியிலேயே விளங்கிவிடும்.

5. இரண்டாம் பாடம்: ஒரு பஸ், 36 இருக்கைகள்

பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட எழ மறுத்த ரோசா பார்க்ஸின் கதை எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். தெரிந்த விதம்தான் தப்பு. வயதான பாட்டி, கால் வலி, எழுந்திருக்க முடியவில்லை என்று சொல்வார்கள். அவருக்கு அப்போது 42 வயது, கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் உள்ளூர்க் கிளைச் செயலாளர். இதை முதலில் திருத்தாமல், இருக்கையிலிருந்து தொடங்குங்கள்.

சார்ட் பேப்பரில் பஸ் வரைந்து 36 இருக்கைகள் போடுங்கள். முன்னால் பத்து வெள்ளையர்களுக்கு, காலியாக இருந்தாலும் வேறு யாரும் உட்காரக் கூடாது. பின்னால் பத்து கறுப்பினத்தவருக்கு. நடுவில் பதினாறு, யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு, ஆனால் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே வரிசையில் உட்காரக் கூடாது. பயணிகளுக்குப் பதில் பென்னி காசுகளை வையுங்கள். பிள்ளைகளையே பயணிகளாக உட்காரவைக்காதீர்கள், ஏன் என்று எட்டாவது பகுதியில் சொல்கிறேன்.

இப்போது முன் பத்தும் நிறைந்துவிட்டது, நடுப் பகுதியின் முதல் வரிசையில் நான்கு காசுகள் இருக்கின்றன, இன்னொரு வெள்ளையர் ஏறுகிறார். விதிப்படி என்ன செய்வது? பிள்ளைகள் ஒரு காசை எடுப்பார்கள். அப்புறம் யாராவது, இல்லை, ஒரே வரிசையில் உட்காரக் கூடாதே என்பார்கள். நான்கையும் எடுக்க வேண்டும். ஒருவர் உட்கார நான்கு பேர் எழ வேண்டும், மூன்று இருக்கை காலியாகவே போகும். 1955 டிசம்பர் 1 அன்று மாண்ட்கோமரியில் நடந்தது இதுதான். மூன்று பேர் எழுந்தார்கள், பார்க்ஸ் எழவில்லை. இருக்கைப் பற்றாக்குறைக்காகப் போட்ட விதி இல்லை இது என்பதை அந்த மூன்று காலி இருக்கைகள் காட்டிக்கொடுத்துவிடும். நீங்கள் வாய் திறக்கவே வேண்டாம்.

அப்புறம் ஆட்களைக் கொண்டுவாருங்கள். அதே ஆண்டு மார்ச்சில் எழ மறுத்துக் கைதான கிளாடெட் கால்வினுக்குப் பதினைந்து வயது. பார்க்ஸ் கைதான அன்று இரவு, ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, தான் வேலை பார்த்த கல்லூரியின் நகலெடுக்கும் இயந்திரத்தில் பஸ்ஸில் ஏறாதீர்கள் என்று விடிய விடிய ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகள் அடித்தார். பஸ் புறக்கணிப்பு 381 நாள் நடந்தது.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். பிள்ளைகளுக்குப் பெரிய பேச்சுகளைவிட இந்த ஏற்பாட்டு விவரங்கள்தான் பிடிக்கின்றன. 381 நாள் பஸ் இல்லாமல் வேலைக்கு எப்படிப் போவீர்கள் என்று கேட்டு விடுங்கள். நடந்து, கார்களைப் பகிர்ந்து, தேவாலயங்கள் வாங்கிய வேன்களில். கார்களின் இன்சூரன்ஸை ரத்து செய்யவைத்தால் என்ன செய்வீர்கள்? அதுவும் நடந்தது, கடைசியில் லண்டனின் லாயிட்ஸ் மூலம் காப்பீடு எடுத்தார்கள். புறக்கணிப்பைத் தொடங்கியபோது, இனப் பிரிவினையையே ஒழிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கவும் இல்லை. மரியாதையாக நடத்துங்கள், பின்னாலிருந்து முன்னால் வந்தபடி உட்காரவிடுங்கள், எங்கள் பகுதி வழித்தடங்களில் எங்கள் ஆட்களையும் டிரைவராக வையுங்கள், இவ்வளவுதான். அதைக்கூடக் கொடுக்க மாட்டோம் என்றதால்தான் வழக்கு பெரிதானது. 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த விதியையே ரத்து செய்தது. வழக்குப் போட்ட பெண்களில் கால்வினும் ஒருவர், பார்க்ஸ் அதில் இல்லை.

ஒரு தலைவர் வந்தார், பேசினார், எல்லாம் மாறியது என்று சொல்லும் வழக்கமான பாடத்தில் எனக்கு உள்ள பெரிய குறை இதுதான். மார்ட்டின் லூதர் கிங்கின் பெயர் இந்த வகுப்பில் கடைசிக் கால் மணி நேரத்தில் வந்தால் போதும்.

6. மூன்றாம் பாடம்: பிள்ளைகள் நடத்திய வேலைநிறுத்தம்

பிரவுன் வழக்கைப் பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் முடித்திருப்பார்கள்: 1954 மே 17, பள்ளிகளில் பிரிவினை செல்லாது. அது ஐந்து வழக்குகளின் தொகுப்பு. அதில் ஒன்றைத் தொடங்கியவர்கள் பள்ளி மாணவர்கள். அதை எடுங்கள்.

வர்ஜீனியாவின் ஃபார்ம்வில்லில் கறுப்பின மாணவர்களுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளி, 180 பேருக்குக் கட்டியது, 450க்கு மேல் படித்தார்கள். இடம் போதாமல் தார்க் காகிதம் வேய்ந்த கொட்டகைகள் போட்டுக் கொடுத்தார்கள். மழை பெய்தால் உள்ளே குடை. 1951 ஏப்ரல் 23 அன்று, பதினாறு வயது பார்பரா ஜான்ஸும் அவள் தோழர்களும், ஊருக்குள் மாணவர்கள் பிரச்சினையில் மாட்டிக்கொண்டதாகப் போன் செய்து தலைமை ஆசிரியரை வெளியே அனுப்பினார்கள். அவர் பெயரில் சீட்டு எழுதி மாணவர்கள் எல்லாரையும் அரங்கத்துக்கு வரவழைத்தார்கள். திரை விலகியது, மேடையில் பார்பரா. இந்த இடத்தில் வகுப்பு நிமிர்ந்து உட்காரும், சொல்லிவைக்கிறேன்.

அவர்கள் கேட்டது ஒரு நல்ல கட்டடம். வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும், பிரிவினையையே எதிர்ப்பதானால் வழக்கை எடுக்கிறோம் என்றார்கள். பெற்றோர் ஒப்புக்கொண்டார்கள். பாதுகாப்புக்காகப் பார்பராவை மாண்ட்கோமரியில் இருந்த அவள் அப்பாவின் சகோதரர் வெர்னான் ஜான்ஸ் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பெரும்பாலான ஆசிரியர்கள் 1954ல் வெற்றி என்று முடித்துவிடுகிறார்கள். முடிக்காதீர்கள். சேர்ந்து படிக்கவைப்பதற்குப் பதில், அந்த மாவட்டம் 1959ல் எல்லா அரசுப் பள்ளிகளையும் பூட்டியது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி திறந்தார்கள், கறுப்பினப் பிள்ளைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு எதுவும் இல்லை. 1964ல் உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் பூட்டு திறந்தது. 1959ல் ஏழு வயது என்றால் திறக்கும்போது பன்னிரண்டு, அதற்குள் எதை எதை இழந்திருப்பாய் என்று ஒவ்வொரு பிள்ளையையும் எழுதச் சொல்லுங்கள். சோகத்தை நீங்கள் கூட்டிச் சொல்லத் தேவையில்லை, கணக்கே சொல்லும்.

7. நான்காம் பாடம்: உங்கள் ஊர் வரைபடம்

இதுவரை எல்லாம் பழைய கதை, தெற்கு மாநிலங்களின் கதை. 'எங்க ஊர்ல அப்படி இல்ல' என்ற எண்ணம் இப்போது எழுந்திருக்கும். 1930களில் அரசின் வீட்டுக் கடன் அமைப்பு நகரங்களை நான்கு நிறமாகப் பிரித்தது: பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு. சிவப்பு என்றால் கடன் கொடுப்பது ஆபத்து. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு படிவம் உண்டு, அதில் கறுப்பினத்தவர் இருக்கிறார்களா, எத்தனை சதவீதம் என்று ஒரு வரி. அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டுங்கள்.

பிறகு இன்றைய வரைபடத்தைப் பக்கத்தில் வையுங்கள். வீடு வாங்க முடியாதவருக்குப் பிள்ளைகளுக்கு விட்டுப்போக ஒன்றும் இல்லை. வீட்டு மதிப்பு குறைந்த பகுதியில் சொத்து வரி குறைவு. சொத்து வரி குறைந்தால் பள்ளிக்குப் பணம் குறைவு. நம் வீடுகளில் வீடு வாங்கும்போது முதலில் பேசுவதே ஸ்கூல் ரேட்டிங்தானே, பிள்ளைகள் அந்தப் பேச்சைக் காதில் வாங்கியே வளர்ந்திருக்கிறார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று அவர்களே யோசிக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்த வரைபடம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லிவிடாதீர்கள். கூட்டாட்சி வீட்டு வசதி நிர்வாகத்தின் கடன் காப்பீட்டு விதிகள், வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிய நிபந்தனைகள் (1948ல் உச்ச நீதிமன்றம் இவற்றை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்றது), வங்கிகள், தரகர்கள் எல்லாம் சேர்ந்த வேலை அது. மிகைப்படுத்திச் சொன்னால், பிறகு ஒரு விவரமான பெற்றோர் வந்து அந்த ஒன்றை உடைத்து மீதி அத்தனையையும் சந்தேகத்துக்குள்ளாக்கிவிடுவார்.

8. செய்யக் கூடாதவை

நாடகம் போடுவது, இதுதான் முதல் தவறு. நீங்கள் பாதிப் பேர் அடிமை, நீங்கள் பாதிப் பேர் முதலாளி; நீலக் கண் ஒரு பக்கம், பழுப்புக் கண் ஒரு பக்கம். இந்தக் கண் நிறப் பயிற்சியை அயோவாவில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை 1968ல், கிங் கொல்லப்பட்ட மறுநாள் செய்தார், உலகப் புகழ் பெற்றது. அதைப் பார்த்து நாமும் செய்யலாம் என்று கிளம்பாதீர்கள். பிள்ளைக்குக் கடைசியில் நினைவில் நிற்பது ப்ரியா என்னைத் திட்டினாள் என்பதுதான், விதி எப்படி வேலை செய்தது என்பது நிற்காது. அதோடு, அந்த அறையில் நிஜமாகவே இதை அனுபவிக்கும் பிள்ளை இருந்தால் அதன் நிலைமையை யோசித்துப் பாருங்கள். காசு போதும்.

இரண்டாவது, வகுப்பில் இருக்கும் ஒரே கறுப்பினப் பிள்ளையைப் பார்த்து "உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்பது. நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் அது பாடம் படிக்க வந்த பிள்ளை, சாட்சி சொல்ல வந்த பிள்ளை இல்லை.

மூன்றாவது, விவாதம். பிரிவினை சரியா தப்பா என்று இரண்டு அணி பிரிப்பது. அதற்குப் பதில், புறக்கணிப்பா வழக்கா, எது அதிகம் வேலை செய்தது என்று விவாதிக்க விடுங்கள். அதில் நிஜமாகவே இரண்டு பக்கம் இருக்கிறது, இரண்டு பக்கத்துக்கும் ஆதாரம் கையில் இருக்கிறது.

9. பிள்ளைகள் கேட்கப்போகும் கேள்விகள்

"அந்த வெள்ளைக்காரங்க எல்லாருமே கெட்டவங்களா?" இல்லை என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். 1896ல் 'தனித்தனி, ஆனால் சமம்' என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது எதிர்த்து எழுதிய ஒரே நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன், அடிமைகளை வைத்திருந்த குடும்பத்திலிருந்து வந்தவர். அவருடைய அதே தீர்ப்பில் சீனர்களைப் பற்றி மோசமாகவும் எழுதியிருக்கிறார். அதையும் சொல்லுங்கள், பிள்ளைகள் தாங்குவார்கள்.

"நாம யார் பக்கம்?" நம் பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். திண்டுக்குத் திரும்பிப் போங்கள். நான் உயர்சாதி, ஆரியன், அதனால் வெள்ளையனுக்குச் சமம் என்பதுதான் அவர் வாதம். வேலியை எடுங்கள் என்று அவர் கேட்கவில்லை, என்னை மட்டும் உள்ளே விடுங்கள் என்றார். நீதிமன்றம் விடவில்லை. இதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள்.

"இது சாதி மாதிரியா?" இந்தக் கேள்வி வந்ததும் சில பெரியவர்கள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள், சிலர் இரண்டும் ஒன்றுதான் என்று ஒரே போடாகப் போடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். பலகையில் உள்ள ஐந்து கேள்விகளையே சாதிக்கும் கேட்கச் சொல்லுங்கள்: விதி என்ன, யார் போட்டது, யாருக்கு லாபம். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே போகவில்லை என்று அவர்களே எழுதட்டும். 1946ல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, உங்கள் மக்கள் நிலையும் எங்கள் மக்கள் நிலையும் ஒத்திருக்கிறது என்றார் என்பதையும் சொல்லலாம். ஆனால் இது கடைசி வகுப்பில்தான். முதலிலேயே ஒப்பிட்டால் பிள்ளை இரண்டையும் அரைகுறையாகப் படிக்கும். வீட்டில் சில பெற்றோருக்கு இந்தக் கேள்விதான் உறுத்தும், பஸ் உறுத்தாது. அதற்கும் தயாராக இருங்கள்.

"இப்ப முடிஞ்சுடுச்சா?" பலகையில் ஐந்தாவது கேள்வியைக் காட்டுங்கள்.

10. புரிந்ததா என்று பார்ப்பதும், புகார் வந்தால் செய்வதும்

தேதி கேட்டு டெஸ்ட் வைக்காதீர்கள். இதுவரை நீங்கள் சொல்லாத ஒரு விதியைக் கொடுத்து ஐந்து கேள்விகளுக்கும் பதில் தேடச் சொல்லுங்கள். வர்ஜீனியாவின் கலப்புத் திருமணத் தடை நன்றாக வரும்: 1691ல் வந்தது, 1967ல் லவிங் வழக்கில் போனது. மூன்றாவது கேள்விக்குப் பிள்ளை தடுமாறினால் நல்ல அறிகுறி, அது நிஜமாகவே கஷ்டமான கேள்வி. 'கெட்டவங்க போட்டாங்க' என்று மட்டும் எழுதியிருந்தால் இரண்டாம் பாடத்தைக் காசுகளோடு மறுபடி நடத்துங்கள்.

புகார் வந்தால் மின்னஞ்சலில் பதில் எழுதிக்கொண்டே போகாதீர்கள், அது வளர்ந்துகொண்டேதான் போகும். வரச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குக் கொடுத்த அதே காகிதங்களை மேசைமேல் வையுங்கள், பஸ் வரைபடத்தை முதலில் எடுங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலான பெற்றோர் அந்த நான்கு காசுகளில் பத்து நிமிடம் மூழ்கிவிடுகிறார்கள். அப்படியும் என் பிள்ளைக்கு வேண்டாம் என்பவர்கள் இருப்பார்கள். அந்த ஒரு வகுப்புக்கு லைப்ரரியில் வேறு வேலை கொடுத்துவிடுங்கள், பிள்ளையை நடுவில் நிறுத்தாதீர்கள்.

அடுத்த ஆண்டு இதே குழு வந்தால் 1942லிருந்து தொடங்குங்கள்: ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்த ஆணை 9066, 1988ல் அரசு சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டு உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுக்க முடிவு செய்தது. இரண்டு காகிதமும் தேசிய ஆவணக் காப்பகத்திலேயே கிடைக்கும், பலகையில் அதே ஐந்து கேள்விகள்.